மஞ்சள் குடித்த வண்டி

போன வாரம் பெரம்பலூரில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கூலண்ட் குறைகிறது என்றேன். அங்கிருந்த மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, நாலு அமுக்கு அமுக்கி, அதிலிருந்த முள்ளைப் பார்த்து, "ரப்பர் ஓஸ்ல லீக் சார்" என்று சொல்லிவிட்டார். என் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தரையில் சொட்டியிருந்த பச்சைத் தண்ணீரிலிருந்து ஒரு தித்திப்பு வாசம் வந்தது. எனக்கோ இஞ்சின் தண்ணீர் என்றாலே மஞ்சள் வாசம்தான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஆண்டிமடத்தில் ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தர சவாரி ஒருவர்தான், கலியமூர்த்தி அண்ணன். முந்திரிக்காட்டுக்காரர். நாற்பது வயதில் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை பத்து மணி முறை அவருடையது. தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுநாள்தான் இடம். முன்பு ஒரு தடவை பஸ்ஸில் போய்த் தவறவிட்டு, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடந்தாராம். அதற்குப் பிறகுதான் என் காருக்கு வந்தார்.

அந்த மனுஷனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று கணக்கு. என் காருக்குக் கணக்கே கிடையாது. ஜெயங்கொண்டம் தாண்டினால் சூட்டு முள் சிவப்புக்கு ஏறும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, குடத்தைத் தூக்குவேன். அண்ணன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்கு டம்ளரு, இதுக்குக் கொடமா? பேசாம வண்டியாப் பொறந்திருக்கலாம்டா." வறண்ட நாக்கை வைத்துக்கொண்டு எத்தனை பேரால் அப்படிப் பேச முடியும்? நானாக இருந்தால் ஊரையே திட்டித் தீர்த்திருப்பேன்.

எங்கே ஒழுகுகிறது என்றுதான் தெரியவில்லை. ஓஸ் மாற்றினேன், மூடி மாற்றினேன். நிறுத்தி வைத்தால் அடியில் ஒரு சொட்டு இருக்காது. ஓடினால் மட்டும் தண்ணீர் மாயம். ஸ்டாண்டில் ஒரு லாரி டிரைவர், "ஒரு கரண்டி மஞ்சத்தூள் போடு, ஓட்டைய அடச்சிக்கும்" என்றார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்கிற கைவைத்தியம்தான். ஒரு கரண்டிக்கே அடைக்கும் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு எப்படி அடைக்கும்! என் மூளை அப்படித்தான் வேலை செய்யும். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் எடுத்துவந்து ரேடியேட்டரில் முழுசாகக் கொட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அரியலூர் நெருங்கும்போது காருக்குள் சாம்பார் கொதிக்கிற வாசம். "என்னடா, சமைச்சுக்கிட்டே வர்றியா?" என்றார் அண்ணன். பானெட் இடுக்கில் குபுகுபுவென்று ஆவி. மணி எட்டு. சிமெண்ட் லாரிகள் ரிப்பேருக்கு நிற்கிற ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், எழுந்து வந்தார். "மெக்கானிக் இல்லீங்களா?" என்று அவரிடமே கேட்டேன். என்னத்தைச் சொல்ல!

"நாந்தாண்ணே. பானெட்டத் தொறங்க."

அவர்தான் செல்வி. கணவரோடு சேர்ந்து அந்த ஷெட்டை நடத்தினார். ஆவி அடங்கும்வரை எதையும் தொடவில்லை. பிறகு டார்ச் அடித்துக் குனிந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு மஞ்சள் போட்டீங்க?"

"கொஞ்சந்தாங்க..."

"பொண்ணுக்கு நலங்கு வைக்கக்கூட இவ்வளவு ஆவாதுண்ணே."

பின்சீட்டிலிருந்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பத்து மணி விஷயத்தை நான்தான் செல்வியிடம் சொன்னேன்.

"இங்க பாருங்க" என்று காட்டினார். விசிறிக்குப் பின்னால் வாட்டர் பம்ப். அதன் அடியில் எள்ளளவு துவாரம். அதிலிருந்து ஒரு மெல்லிய மஞ்சள் கோடு கிளம்பி, இஞ்சின் மேலெல்லாம் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. "ஓடறப்ப மட்டுந்தான் கசியுது. விசிறிக் காத்துல செதறி, சூட்டுல காஞ்சிருது. அப்புறம் கீழ எப்படிச் சொட்டும்? வெறுந்தண்ணியா இருந்தா நான் அர நாளு தேடியிருப்பேன். உங்க கூத்தே காட்டிக் குடுத்துருச்சு."

விசிறியைப் பிடித்து அசைத்தார். ஆடியது. "பம்போட பேரிங் போச்சு. இப்படியே போனா விசிறி ரேடியேட்டரக் கிழிச்சிரும். விட மாட்டேன்." அண்ணனை பஸ் ஏற்றிவிடட்டுமா என்றேன். அவருடைய வீங்கிய கால்களைப் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டா போவாரு? ஒம்பதேகாலுக்கு வண்டி தரேன்" என்றார்.

தந்தாரே, அதைச் சொல்லுங்கள்! ஓரமாகக் கிடந்த இன்னொரு பழைய காரிலிருந்து பம்பைக் கழற்றினார். கசியாமலிருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் இல்லை. தடித்த அட்டை ஒன்றைப் பம்பின் முகத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்போடு தட்டிக்கொண்டே போனார். அட்டை அச்சாக அதே வடிவத்தில் அறுந்து வந்தது. அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணன் இறங்கி வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் இப்படி ஒண்ணு வெட்டிப் போட முடியுமாம்மா?"

"உங்களுக்கு ஒரிஜினல் பார்ட்டுதாண்ணே போடணும்" என்றார் செல்வி, கை நிற்காமல். மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை இஞ்சினைக் கழுவியும் விட்டார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நாலு வருஷம், ஒரு முறைகூட அண்ணனின் முறை தவறவில்லை. என் திறமை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை, அது வேறு விஷயம். செல்வியின் அட்டை அத்தனை நாளும் ஒரு சொட்டு கசியவில்லை. கெட்டிக்காரி என்றால் அவர்தான் கெட்டிக்காரி. இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் ரோடு அகலமாக ஓடுகிறது. அவர்கள் திருச்சிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. டயாலிசிஸும் எங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டது. யாரும் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன்.

அந்த நாலு வருஷத்தின் முடிவில் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்கத்திலேயே போனார். காரியம் முடியும்வரை நான் காரை எடுக்கவில்லை. எடுத்த முதல் செவ்வாய், காலை ஏழரைக்கு, கை பழக்கத்தில் அவர் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டேன். அண்ணி வெளியே வந்தார்.

"மன்னிச்சிருங்கண்ணி, தெரியாம..."

"இருங்க தம்பி" என்றார் அவர். "அவுரு போர்வ ஆஸ்பத்திரியிலயே கெடக்குது. போயி எடுத்துட்டு வந்துருவோம்."

வழியில் எங்கேயும் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணனின் கட்டிலில், அவருடைய பத்து மணி முறைக்கு, வேறொருவர் கையை நீட்டிப் படுத்திருந்தார்.