இண்டர்காமில் பேசிய முதலாளி

வெடியுப்பிலிருந்து சாதா உப்பைப் பிரிக்கிறவனுக்குப் பொறுமை வேணும். எனக்கு இருந்ததோ மிமிக்ரி. கொதிக்கிற தொட்டி முன்னால் வேர்த்து நிற்கும் சக பாவிகளே, சிரிப்பு உண்டு, ஆனால் கடைசியில்தான். அதுவரை நான் பட்ட பயத்தை நீங்களும் கொஞ்சம் ருசி பாருங்கள்.

ஒரு கரண்டி

நாரணாபுரம் பக்கம், பட்டாசு கம்பெனிகளுக்கு வெடியுப்பு சுத்தம் செய்யும் யூனிட். நான் டிப்ளமோ முடித்த பத்தொன்பது வயசுப் பயிற்சி ஆள். சுடு கரைசல் ஆறும்போது வெடியுப்பு படிகமாக இறங்கும். சாதா உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சூப்பர்வைசர் தவமணி அண்ணாச்சிக்கு சீசன் அவசரம். தொட்டியின் வெளிப்பக்கம் பச்சைத்தண்ணி பீய்ச்சி இரண்டே மணி நேரத்தில் ஆற்றுவார். படிகம் பொடிப்பொடியாக விழுந்து உப்புத் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப் போன இரண்டு லோடு திரும்பி வந்தது; அந்த உப்பு ஈரம் இழுத்து மத்தாப்பு பற்றவில்லையாம். மூன்றாவதும் வந்தால் யூனிட்டைப் பூட்டிவிடுவேன் என்றார் முதலாளி.

நான் எட்டு மணி நேர அட்டவணை போட்டேன். முதலில் மெல்ல ஆறணும், போகப் போக வேகம் கூடலாம். ஆரம்பத்தில் ஒரு கரண்டி நல்ல படிகத்தை விதையாகத் தூவணும். அண்ணாச்சி கரண்டியைப் பார்த்தார். "ஏலே, வெந்த இட்லியை யாராச்சும் திரும்ப மாவுல போடுவாகளா?"

இரண்டு செருமல்

மறுநாள் காலை மூன்றாவது லோடு தொட்டியில். அண்ணாச்சி ஹோஸைத் தூக்குவது லேப் ஜன்னலில் தெரிந்தது. இண்டர்காமை எடுத்தேன். முதலாளி மாதிரியே இரண்டு தரம் செருமி, "தவமணி, தண்ணி அடிக்காத. அந்தப் பய சொல்லுதபடி மெதுவா ஆத்து" என்றேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது: என் அட்டவணை தப்பினால் முப்பது பேர் வேலை போவது என் வாயால். வெளியே அண்ணாச்சி ஹோஸைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "முதலாளிக்கும் கிறுக்கு தொத்திக்கிடுச்சு போல."

ஒரு சொட்டு

சாயங்காலம் முதலாளியே வந்து நின்றார். அலசிய படிகத்தைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் சொட்டு விடணும். உப்பு இருந்தால் பாலாக வெளுக்கும். விட்டேன். தண்ணீர் தெளிவாகவே நின்றது.

"நல்லாருக்கேய்யா. மெதுவா ஆத்த யாரு சொன்னது?"

"நீங்கதான முதலாளி, காலையில இண்டர்காம்ல சொன்னீக" என்றார் அண்ணாச்சி.

"நான் காலையிலருந்து கல்யாண வீட்டுலல்ல இருந்தேன்."

அண்ணாச்சி மெல்ல என் பக்கம் திரும்பினார். "அப்ப, போன வாரம் என் லீவை ரத்து பண்ணுன முதலாளியும் நீதானாலே?"

யூனிட்டைப் பூட்டவில்லை, லேப் இண்டர்காமை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.