எத்தனை அடி என்று எழுதுங்கள்

போன வருடம் கார்த்திகை மாதம், மேலூர் ரோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் நடந்தது. வயலுக்கு ட்ரோனில் மருந்தடிக்கப் பயிற்சி எடுத்து, மகளிர் குழு மூலம் ஒரு ட்ரோனும் வாங்கியிருந்தேன். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அதே வயல்களின் வரப்பில் நான் ரிமோட்டும் கையுமாக நிற்பது சிலருக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலை, இலைச்சுருட்டுப் புழு விழுந்த நெல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் போலீஸ் ஏட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அனுமதித்த உயரத்தைத் தாண்டிப் பறக்கவிட்டேனாம். ட்ரோனைத் தூக்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார் ஏட்டு.

ஒளிப்பானேன்? வாங்கின புதிதில் ஒருநாள் ஆசைக்கு மேலே மேலே ஏற்றிப் பார்த்திருக்கிறேன். அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை பயிருக்கு மேல் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அதற்கு மேல் போனால் மருந்து காற்றோடு போய்விடும். எந்தப் பைத்தியக்காரி அப்படி அடிப்பாள்!

ஸ்டேஷனில், ரிமோட்டில் பதிவாகியிருந்த உயரத்தைக் காட்டினேன். "உன் மிஷினு உனக்குச் சாதகமாத்தான காட்டும்?" என்றார் ஏட்டு. சரி, நீங்கள் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். தோப்புக்காரர் முந்திக்கொண்டு, "தென்னை மரத்துக்கு மேல போச்சு, நானே பாத்தேன்" என்றார்.

"எந்தத் தென்னைக்கு அண்ணே? நெட்டையா, குட்டையா?"

அவரை அய்யா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. அன்று அண்ணே என்றுதான் வந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. "பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்று முணுமுணுத்தார்.

கடைசியில் ஏட்டு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். விதித்த உயரத்துக்கு மேல் பறக்கவிட்டது என் தவறு, இனிமேல் ட்ரோனைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவாராம். "போட்டுத் தொலை, வா போவோம்" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். நான் கையை உதறிக்கொண்டேன். போட்டால் என் பிழைப்பு அன்றோடு சரி.

"எத்தன அடி பறந்துச்சுன்னு இதுல எழுதுங்க சார். எழுதி மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்பறம் நான் போடுறேன்" என்று பேனாவை அவரிடமே நீட்டினேன்.

ஏட்டு தோப்புக்காரரைப் பார்த்தார். தோப்புக்காரர் சுவரைப் பார்த்தார். பேனாவை ஒருவரும் வாங்கவில்லை. நான் பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா, உன்கூட மல்லுக்கட்ட ஆகாது" என்று ஏட்டு ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலமே போய் மீதி வயலை அடித்து முடித்தேன்.

உயரத்துக்கு விதி வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்து காட்டினால் அபராதம் கட்டுகிறேன். ஆனால் அளக்காமலேயே என்னைக் குற்றவாளி என்று சொல்கிற எவர் முன்னாலும், அன்றைக்குப் பிறகு நான் தலைகுனிந்து நின்றதில்லை.