வெளுத்துப்போன குடுவை

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் அந்த மனிதருக்குப் பட்டப்பெயர் ‘மாமியார்’. அவ்வளவு நொட்டை சொல்வார்.

ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதம் உண்டாகும் விதம் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா வேறுபடும். அவர் புதிதாக வளர்த்தது, காற்று குறைந்தால்தான் அதை உண்டாக்கும். அன்று குடுவை சிவக்காமல் வெளுத்திருந்தது.

“ஏம்மா, குடுவையக் கழுவினியா, இல்ல தண்ணி காட்டினியா?” என்று கழுவும் பெண்ணை எல்லார் முன்னாலும் காய்ச்சினார். அவள் வெளியே கழுவும் தொட்டிக்குப் போனாள்.

பிறகுதான் குடுவையைக் குலுக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். பழைய பாக்டீரியாவுக்கு வைக்கும் வேகத்தையே இதற்கும் வைத்திருந்தார். அந்த வேகக் குலுக்கலில் காற்று தாராளமாகக் கிடைத்திருக்கிறது.

கூனிக்குறுகித் தொட்டியருகே போனார். “தப்பு என்னோடதும்மா” என்று முணுமுணுத்தார்.

“திட்டினது அங்க சார். இங்க வந்து காதைக் கடிச்சா எப்படி?”

நிமிராமலே அவளை அழைத்துக்கொண்டு, எல்லாரும் இருந்த ஆய்வகத்துக்குள் நடந்தார்.