ஒரே ஆளின் இரண்டு போத்தல்

அந்த அரிசி மில்லின் முன்பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. ஒன்று மில்காரருக்கு, மற்றது எனக்கு. நெல் குற்ற வருகிறவர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பத்திரிகை வேலையை விட்டு, வவுனியாவுக்கு மேற்கே இந்தக் குளத்தடி ஊரில் வந்து குடியிருந்த பிறகு, ஏறத்தாழ ஆறு வருடம் என் காலைகள் அந்தக் கதிரையில்தான் கழிந்தன. இப்போது மில் பூட்டிக் கிடக்கிறது. அந்த வழியால் போகும்போது தவிட்டு மணம் வருவதுபோல இருக்கும். வர வாய்ப்பில்லை என்றும் தெரியும்.

மில்காரருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட. நான் அண்ணை என்பேன். அவர் தம்பி என்பார். சீண்ட நினைத்தால் பேப்பர்காரன் என்பார். பேப்பரை வாங்கியதும் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் திறப்பார்.

"இது ஒண்டுதான் அரசாங்கம் எழுதாத பக்கம்."

"அதிலயும் வயசைக் குறைச்சுப் போடுகினம் அண்ணை."

"அது குடும்பத்துப் பொய். அதாலை நாட்டுக்கு நட்டமில்லை."

எந்தக் கட்சியையும் அவர் நம்பவில்லை. ஆனால் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி திறக்கும் முன்பே வெள்ளைச் சட்டையோடு போய் நிற்பார். தான் போகாவிட்டால் தன் வாக்கை வேறொருவன் போட்டுவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். மானியத்துக்கும் நிவாரணத்துக்கும் கை நீட்டக் கூடாது என்பார். "சும்மா தாறவன் முதல்ல பேரைத்தான் கேப்பான்" என்பார்.

பெயர் கொடுப்பதில் அவருக்கிருந்த பயம் பழையது. அவருடைய தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்த நாட்டிலேயே பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்து, இல்லை என்று வந்த கடிதத்தை பிஸ்கட் தகரம் ஒன்றில் வைத்திருந்தார். எழுபதுகளில் குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டியபோது அந்தத் தகரமும் கூட வந்தது. பிறகு போர்க்காலத்தில் எந்தத் தரப்பு வந்து பெயர் எழுதினாலும் அது நல்லதுக்காக இருக்கவில்லை. ஆகவே யார் படிவத்தோடு வந்தாலும் அண்ணை தன் வயதில் இரண்டைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார். இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் அப்படி என்றில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், கேட்கிறவர் யார் என்று பார்த்துத்தான் இங்கே பலர் எண்ணிக்கை சொல்வார்கள்.

சிறுநீரக நோய் ஊருக்குள் வந்தபோதும் அவர் இப்படித்தான் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவியின் தமையன் அந்த நோயால்தான் இறந்தார். கால் வீங்கி, சாப்பாடு வெறுத்து, கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அதன் பிறகு அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். அண்ணையின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பா. செருப்பு இறுக்கமாக இருக்கிறதென்று அவர் ஒருநாள் சொன்னதிலிருந்து அவாவுக்கு நித்திரை இல்லை.

பரிசோதனைக்குப் போகச் சொன்னால் அண்ணை சிரிப்பார். "இந்த வருத்தத்துக்குக் காரணம் ஒருத்தன் தண்ணி எண்டுறான். ஒருத்தன் உரம் எண்டுறான். மற்றவன் வெயில் எண்டுறான். மூண்டு பேரும் ஒரே அரசாங்க வான்ல வந்து இறங்கினவங்கள். உரம் நஞ்சு எண்டு ஒரு நாள் நிப்பாட்டினாங்கள். பிறகு அதே உரத்துக்கு மானியம் தாறம் எண்டாங்கள். இவங்களிட்டையோ நான் மூத்திரத்தைக் குடுக்கிறது?"

இதில் பாதியோடு எனக்கும் உடன்பாடு இருந்தது. முப்பது வருடம் அமைச்சர்களின் பேச்சைக் குறிப்பெடுத்தவனுக்கு அது இல்லாமல் இருக்காது.

சுகாதாரப் பகுதியினர் ஊரில் எல்லோரையும் பரிசோதிக்க வந்தார்கள். முதலில் சிறுநீர் மட்டும். அதில் புரதம் இருந்தால் பிறகு இரத்தம். முதல் நாள் வீடு வீடாகச் சின்னப் போத்தல்கள் கொடுத்தார்கள். மறுநாள் காலை பொதுநோக்கு மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போத்தல் வந்த அன்று பின்னேரம் அக்கா என்னை மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டுக் குசினிப் பக்கம் கூப்பிட்டா.

"தம்பி, நீங்கள் சொன்னால் கேப்பார். எப்பிடியாவது குடுக்க வையுங்கோ."

சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"நீ பேப்பரில இருக்கேக்க ஒரு செய்தி வந்தா என்ன செய்வாய்?"

"இன்னொரு இடத்திலயும் விசாரிப்பன்."

"அப்ப இதையும் விசாரிப்பம். உன்ர போத்தலைத் தா. ரெண்டிலயும் என்ரயை விடுறன். ஒண்டு என்ர பேர், மற்றது உன்ர பேர். ரெண்டும் வேற வேறயாத்தான் வரும். அப்ப நீ இந்த ஆக்களைப் பற்றி எழுது."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் போத்தலைக் கொடுப்பதற்கு வேறு வழி தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முடிவைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. மறுநாள் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்று இரண்டு போத்தல்களையும் கொடுத்தோம். அன்று மட்டும் அவர் தன் சரியான வயதைச் சொன்னார். சோதனை என்றால் அதைச் சரியாகச் செய்ய வேண்டுமாம்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமாது மில்லுக்கு வந்து முடிவு எழுதிய இரண்டு துண்டுகளையும் தந்துவிட்டுப் போனா. அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வரி: புரதம் உண்டு, கிளினிக்குக்கு வரவும்.

"ஒழுங்காத்தான் பாத்திருக்கிறாங்கள்" என்றார். அதில் ஏமாற்றம் இருந்தது. தோற்றுப்போன ஒருவரின் குரல்தான் அது, நோயாளியின் குரல் இல்லை. தான் எதைச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. துண்டுகளை மடித்தார். மில்லில் வேலைக்கு நின்ற பெடியனிடம் மெஷினை நிற்பாட்டச் சொன்னார்.

சத்தம் நின்றதும் அக்கா வெளியே வந்தா. துண்டுகளை வாங்கி வாசித்தா. அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா.

"தம்பி, உங்களுக்குமோ?"

அவா என் கதிரையின் பக்கத்தில் இருந்த நெல் மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டா. எனக்கு வீட்டில் கவனிக்க ஆளில்லை என்பதை நினைத்தோ என்னவோ, முதலில் எனக்காகத்தான் கண்கலங்கினா.

"அவனுக்கு ஒண்டுமில்லை" என்றார் அண்ணை. "ரெண்டும் என்ர."

அவாவுக்கு விளங்க வைக்க இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கிய பிறகு அவா அவரை ஏசவில்லை. "வேலையத்த ஆக்கள்" என்று என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டா.

செவ்வாய்க்கிழமை. என் மோட்டார் சைக்கிளில் அண்ணையும் நானும் போனோம். மேசையில் இருந்த நர்ஸ் மிஸ்ஸிடம் அவர் நடந்ததைச் சொன்னார். அரசாங்க மேசை ஒன்றின் முன்னால் அவர் ஒன்றையும் மறைக்காமல் பேசியதை நான் கண்டது அன்றுதான். அவா பேனையை வைத்துவிட்டுக் கேட்டா:

"அப்ப ஐயாவுக்கு ரெண்டு கிளினிக் கொப்பியோ போடுறது?"

பின்னால் நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். இரத்தம் எடுத்தார்கள். நோய் இருந்தது, ஆனால் முற்றவில்லை. இப்போதே வந்தது நல்லது என்றார் டொக்டர். என் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க, நான் என் சொந்தப் போத்தலைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றுமில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு செவ்வாய், இரண்டு வருடத்துக்கு மேலாக, அவரை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். கிளினிக்கின் நீள மர வாங்கில் உட்கார்ந்துகொண்டே அவர் அரசாங்கத்தை ஒரு பிடி பிடிப்பார். மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்த காலத்தில் அவருக்குப் பெரிய சபையே கூடியது. நெடுங்கேணியிலிருந்து வரும் ஒரு விவசாயியும், பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் ஐயாவும் அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பார்கள். நம்பர் கூப்பிட்டால் பேச்சை அந்தரத்தில் விட்டு எழும்பிப் போவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்து கேட்ட கூட்டங்களில் அதுதான் நல்ல கூட்டம்.

போன வருடம் அண்ணையின் மகள் அவரையும் அக்காவையும் தன்னோடு டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நல்ல ஏற்பாடுதான். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு இப்போது எங்கேயும் போக வேண்டியதில்லை.

கிழமைக்கு ஒருதரம் போன் எடுப்பார். மின்கட்டணம், புது வரி, டவுனின் குப்பை என்று அரை மணித்தியாலம் போகும். கடைசியில் நான் கேட்பேன்:

"கிளினிக்குக்குப் போறனீங்களோ அண்ணை?"

"போறன்" என்பார். அங்கே வாங்கில் யாரோடு அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.