துணை ஜனாதிபதி வீட்டு டெலிபோன்

துணை ஜனாதிபதி மாளிகையில் எல்லோரும் அவளை டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான சமையல்காரர்கூட அக்கா என்றார். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அறையில் ஒரு மேஜை, மேஜைமேல் எண்களே இல்லாத கறுப்புத் தொலைபேசி. அதன் மறுமுனை நகரத்தின் இன்னொரு கோடியில், ஜனாதிபதி மாளிகையில் இருந்தது. ஜனாதிபதிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் செய்தி முதலில் இங்கே வரவேண்டும். அதை எடுத்துப் பேசுவதுதான் அவள் வேலை. வராதவரைக்கும் உட்கார்ந்திருப்பதும் அவள் வேலைதான்.

அந்தப் பதவியே அப்படிப்பட்டது. நாடு விடுதலையான புதிதில், தேர்தலில் இரண்டாவதாக வந்தவரையே துணை ஜனாதிபதி ஆக்கினார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே அரசாங்கத்தில் இருந்தால் முகம் கொடுத்துப் பேசுவார்களா? பேசவில்லை. அப்படிப் பேசாமலே இருந்த ஒரு ஜனாதிபதி, சுற்றுப்பயணம் போன இடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சொல்லவேண்டியவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் முடிதிருத்தும் கடையில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, பக்கத்து நாற்காலிக்காரர் விரித்த பேப்பரைப் பார்த்துத்தான் துணை ஜனாதிபதி, தான் ஜனாதிபதி ஆகிவிட்டதைத் தெரிந்துகொண்டார். ஊரே சிரித்தது. அதற்கப்புறம் சட்டத்தைத் திருத்தி, இருவரையும் ஜோடியாகத் தேர்தலில் நிற்க வைத்தார்கள். இந்த லைனையும் போட்டார்கள். மேலவைக்குத் தலைமை தாங்குவது என்று காகிதத்தில் ஒரு வேலை உண்டு. மற்றபடி உயிரோடு இருக்கவேண்டும், கூப்பிட்டால் வரவேண்டும், அவ்வளவுதான்.

அவள் பார்க்க மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். முதலாமவர் தூங்கினார். அடுத்தவர் பொழுது போகாமல் தச்சுவேலை கற்றுக்கொண்டு முக்காலி முக்காலியாகச் செய்து தள்ளினார். அதில் ஒன்று, ஒரு கால் குட்டையானது, அவள் அறைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாமவர் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் வந்து நின்று, "என்னம்மா, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். நிம்மதியாகப் போகிறாரா, ஏமாற்றத்தோடு போகிறாரா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் குடும்பத்திலும் அவளுக்கு அதே பதவிதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவள் வந்தாள். தம்பி மனைவிக்குப் பிரசவம் என்றபோதும் அவள்தான் வந்தாள். எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், "உனக்கு லீவு முடியுதே அக்கா" என்று தம்பியே ஞாபகப்படுத்துவான். நல்லா இருக்கிற வீட்டில் அவளுக்கு இடமில்லை. கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அவள் யாருக்கோ கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள், பேச்சு ஆறிப்போயிற்று. மாளிகைக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் ஒவ்வொரு நாளும் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் காலை என்று ஒன்று இருந்தது. தினமும் காலையில் லைன் வேலை செய்கிறதா என்று அங்கிருந்து சோதிப்பார்கள். மணி அடிக்கும், எடுப்பாள். ஓர் ஆண் குரல், "லைன் சரியா?" என்று கேட்கும். "சரி" என்பாள். வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது, எல்லாம் பதிவாகும். வருஷக்கணக்கில் அவ்வளவுதான் பேச்சு. அதற்குள்ளேயே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ராத்திரி சரியாகத் தூங்கினாரா, யாரோடாவது மனஸ்தாபமா என்று அந்த இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவாள். அவர் விடுப்பில் போய் வேறு குரல் வந்தால் அன்றைக்கு முழுக்கச் சிடுசிடுப்பாள். மணி அடிப்பதற்கு முன்னால் தலையை ஒரு தடவை வாரிக்கொள்வாள். காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பாள். உலகத்தில் அவளைத் தினமும் கூப்பிட ஒருவர் இருந்தார், அதுதான் விஷயம்.

மூன்றாமவர் இருந்த ஒரு வருஷம், அந்தக் குரல்காரர் இருமத் தொடங்கினார். முதலில் லேசாக. பிறகு "லைன்" என்றதும் ஓர் இருமல், "சரியா" என்றதும் ஓர் இருமல். மருந்து சாப்பிடுகிறாரா, வீட்டில் யாராவது கவனிக்கிறார்களா என்று கேட்க நாக்கு துடித்தது. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் மணி அடித்தது.

அந்தத் தொலைபேசி மத்தியானத்தில் அடித்ததே இல்லை. அடித்தால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிக்கொடுத்துத்தான் அவளை வேலைக்கே எடுத்தார்கள். அது அந்த நிமிஷம் அவள் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் அவர் விதியை மீறிவிட்டார், தன்னிடம் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். ரிசீவரை எடுத்ததும் கேட்டுவிட்டாள்.

"இருமல் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல், இருமலை அடக்கிக்கொண்டு, "ஜனாதிபதி காலமாயிட்டார். துணை ஜனாதிபதிக்குத் தெரிவிங்க" என்றது. லைன் துண்டிக்கப்பட்டது.

சாப்பாடு முடித்து அப்போதுதான் வாசலில் வந்து நின்றார் மூன்றாமவர். "ஒண்ணும் இல்லையே?" என்றார் வழக்கம்போல.

"இருக்குங்க ஐயா" என்றாள்.

அவர் அந்தக் குட்டைக்கால் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலமே பெரிய மாளிகைக்குப் போய்விட்டார். துணைப் பதவி காலியானால் அடுத்த தேர்தல்வரை அது காலிதான் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு லைன்? நிறுத்திவிட்டார்கள். பதிவைக் கேட்டுவிட்டு இரண்டு அதிகாரிகள் வந்து, இருமல் என்பது எதற்குச் சங்கேதம் என்று அவளைத் துருவினார்கள். "இருமினாரு, கேட்டேன்" என்றாள். எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

சம்பளம் வந்தது, அதனால் தினமும் வந்து உட்கார்ந்தாள். தொலைபேசியைத் துடைத்தாள். சில நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். ஒரு கரகரப்புக்கூட இருக்காது. பொறுக்கமுடியாமல் ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்து ஜனாதிபதி மாளிகை வாசலுக்கே போனாள். யாரைப் பார்க்கணும் என்று காவலர் கேட்டார். டெலிபோன்ல இருக்கிறவரை என்றாள்.

"பேர் சொல்லுங்கம்மா."

பேர் தெரியாது. உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது. காவலர் மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

தேர்தல் முடிந்து நான்காமவர் பெட்டி படுக்கையோடு வந்தார். லைனுக்கு உயிர் வந்தது. அன்று காலை அவள் நேரத்தோடே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

"லைன் சரியா?"

"சரி" என்றாள். வைத்துவிடப் போகும்போது அந்தக் குரல் தணிந்து வந்தது.

"அக்கா, பேசக்கூடாதுதான். முன்னாடி இங்க இருந்தவர் போன மழைக்காலத்துல தவறிட்டாரு. ஆஸ்பத்திரியில பார்க்கப் போனப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. லைன் திரும்ப வந்தா, முதல் நாளே அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட இருமல் தேவலைன்னு சொல்லிடும்மான்னாரு."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மறுமுனையில் அந்தப் பெண் அதைத் திருத்தப் போகவில்லை.

"சொல்றேன்க்கா" என்றாள்.