ஆறு கட்டுரையும் எட்டு மார்க்கும்

எண்பத்தொன்பதில் தாவரவியல் முதுகலை முடித்தபோது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தேன். பாசியியல் தேர்வன்று டைபாய்டு காய்ச்சல். விடைத்தாளில் பாதி வெறுமையாகவே போயிற்று. தேறியதே பெரிது என்று அப்போது நினைத்தேன்.

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து, ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் யாரிடமாவது சண்டை பிடிப்பேன். அதனால் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றியுள்ள குளங்களுக்குக் கிளம்பிவிடுவேன். தண்ணீர் மொண்டு வந்து, பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். நாலு வருடம் இப்படிப் போயிற்று.

நீலப்பச்சைப் பாசி கோடையில்தான் பெருகும் என்றது பாடப்புத்தகம். எங்கள் குளங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் குளித்து, துணி துவைத்து ஊர் திரும்பிய பிறகு, மார்கழியில்தான் அங்கே தண்ணீர் பச்சையாகக் கெட்டிப்படும். வருடம் தவறாமல் அப்படித்தான். அதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன், வெளியிட்டார்கள். தொடர்ந்து இன்னும் ஐந்து கட்டுரைகள் வந்தன.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியானது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. அங்கே மைக்ராஸ்கோப்பை மணி அடிப்பதற்குள் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. நேர்முகத்தில் ஆறு கட்டுரைகளையும் மேசைமேல் வைத்தேன். முதல்வர் அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு மதிப்பெண் பட்டியலை எடுத்தார்.

“எம்.எஸ்ஸி.ல அம்பத்தஞ்சு பர்சென்ட் இருக்கணும்மா. உங்களுக்கு எட்டு மார்க் கம்மியா இருக்குது.”

“ஆறு கட்டுரை வந்திருக்குது சார்.”

“நல்ல விஷயந்தாம்மா. ஆனா அதை எழுத ஃபாரத்துல இடமே இல்லியே.”

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். என் கணவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கிளார்க். விதிமுறை என்றால் அவருக்குத் தனி மரியாதை. நான் முதல்வரைத் திட்டித் தீர்க்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“எட்டு மார்க் கம்மின்னா எட்டு மார்க் வாங்கிட்டு வா. அதுக்கு ஏன் என்னை மொறைக்கிற?” என்றார்.

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. அந்த வருடம் தகுதியுள்ள ஆள் யாரும் வராததால் கல்லூரி மறுபடி விளம்பரம் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் படித்த பல்கலைக்கழகமோ, பழைய மாணவர்கள் ஒரே ஒரு தாளைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளக் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. பாசியியல் தாளுக்குப் பணம் கட்டினேன்.

தேர்வறையில் நுழைந்ததும் ஒரு பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றாள். நான் அவள் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கேள்வித்தாளைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: கோயில் குளங்களில் நீலப்பச்சைப் பாசி பெருகும் பருவத்தையும் காரணத்தையும் விளக்குக.

இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் திருத்துகிறவர் கையில் இருக்கப்போகும் விடைக்குறிப்பு பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். மார்கழி என்று எழுதினால், இந்த அம்மாவுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று ஒரே கோடாக அடித்துவிட்டுப் போவார். இதற்கு மேல் இன்னொரு வாய்ப்பும் கிடையாது.

மற்றக் கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டு அதற்கு வந்தேன். கோடைக்காலம் என்று எழுதினேன். வெயில், நீர் வற்றுதல், வெப்பம் என்று காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி, படம் வரைந்து, பாகங்களையும் குறித்தேன். கையெழுத்து அவ்வளவு அழகாக வந்தது. அடித்துவிட்டு உண்மையை எழுதலாமா என்று இரண்டு முறை பேனாவைத் திறந்தேன். மூன்றாவது முறை திறப்பதற்குள் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கூடியிருந்தது. அடுத்த நேர்முகத்தில் கட்டுரைகளை யாரும் கேட்கவில்லை, நானும் பையிலிருந்து எடுக்கவில்லை. வேலை கிடைத்தது. கணவர் இனிப்பு வாங்கி வந்தார், நானும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

ஆனால் அந்தப் பன்னிரண்டைக் கணக்குப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த ஒரு விடைக்குப் பத்து மதிப்பெண். அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தால் எனக்கு வேலை இல்லை. என் கட்டுரையைப் படித்த ஒருவர் திருத்தியிருந்தால் பூஜ்யம்தான் போட்டிருப்பார்.