எழ முடியாத குதிரையின் படம்

கால்நடை மருத்துவமனையில் சீட்டு எழுதுவது அவள் வேலை. விரலில் எப்போதும் கறுப்பு அப்பியிருந்ததால் எல்லோருக்கும் அவள் 'மைக்கறை'. காத்திருக்கும் ஆடு, நாய், பூனை எதையும் விடமாட்டாள். கிடைத்த தாளில் மைப்பேனாவால் நாலே இழுப்பில் பிடித்துவிடுவாள். மிருகம் நமக்காக அசையாமல் இருக்காது. விழுந்த கோட்டை அழிக்கவும் முடியாது. அந்தப் பதைப்புதான் அவளுக்குப் பிடித்திருந்தது. பென்சிலைத் தொட்டால் அழித்து அழித்துக் கடைசியில் பொம்மையாகிவிடுகிறது என்பாள்.

"என்னை ஒருநாளும் வரைஞ்சதில்ல. எனக்கு வால் இல்லாததுதான் குறை" என்பார் அவள் கணவர்.

ஒருநாள் மதியம், லாரியில் அடிபட்ட தன் பெண்குதிரையைக் குதிரைவண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். கொட்டகையில் கிடந்த அது, முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்ப்பதும் சரிவதுமாக இருந்தது.

"இடுப்பு நொறுங்கிடுச்சுங்க. உசிரோட வச்சிருந்தா அதுக்குத்தான் சித்திரவதை. ஊசி போட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா.

வண்டிக்காரர் சவுக்கோடு வாசலை மறித்தார். "யாரும் கிட்ட வராதீங்க."

கம்பவுண்டர் பின்வாங்கினார். தண்ணீர் வாளியோடு வந்த மைக்கறையின் விரல்களை வண்டிக்காரர் பார்த்தார்.

"போன மாசம் எங்க நாயைப் படம் போட்டுக் குடுத்தது நீதானேம்மா? இவ நிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"ஏதாவது போட்டுக் குடுத்துடேன்" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார்.

மைக்கறை சவுக்கைப் பார்த்தாள். ஆனாலும் பொய் வரவில்லை. "இவ நின்னு நான் பார்த்ததில்லண்ணே. பார்க்காததைப் போட்டா அது வேற குதிரை."

சவுக்கைப் பிடித்த கை இறுகியது. அவள் வைக்கோலில் உட்கார்ந்து தாளை விரித்தாள்.

"நீங்க ஒரு தடவை கூப்பிடுங்க."

"அம்மாடி" என்றார் அவர். காது திரும்பியது. பேனா கிளம்புவதற்குள் குதிரை துடித்துச் சரிய, மை தாள் முழுக்கச் சிதறியது. அவள் வேறு தாள் எடுத்தாள். குதிரையின் மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு தடவைண்ணே."

அவருக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதற்கே காது திரும்பியது. காதிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பு. கண்ணுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். "ஆமா. நான் கூப்பிட்டா இப்படித்தான் திருப்புவா."

வாசலை விட்டு விலகி, குதிரையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஊசியோடு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு மைக்கறை பேனாவை மூடி வைத்துவிட்டாள். அடுத்த சீட்டைக் கம்பவுண்டர்தான் எழுதினார். வண்டிக்காரர் ஈரம் காயாத தாளை மடிக்காமல், இரு ஓரங்களையும் பிடித்தபடி தெருவில் இறங்கி நடந்தார்.